சாரணத்தி

கஞ்சமலை தெரிகிற ஜன்னலோரம்
மூன்று கழுத்துக் குடுவை.
ஒரு கழுத்தில் நைட்ரஜன் குமிழ்கள்.
இன்னொன்றில் சொட்டுச் சொட்டாய்
ஏற்காட்டுக் காபித் தோலை வேகவைத்த சாறு.
பதினொன்று நாற்பதுக்கு
மஞ்சள் கரைசல் கறுத்தது,
கரண்ட் போன வீடு போல, சட்டென்று.

இதுவும் இரும்புதான்.
தலைமுடி ஒன்றை ஆயிரமாய்ப் பிளந்தால்
ஒரு சிம்பு என்ன பருமனோ அந்தப் பருமன்.
இணைதிறன் சுழியம்:
யாருக்கும் இன்னும் எதையும் கொடுக்காதது,
கொடுக்கத் துடிப்பது.
காற்றுப் பட்டால் காற்றுக்கே கொடுத்துவிட்டுத்
துருவாகி உட்கார்ந்துவிடும்.
ஏற்கெனவே இரண்டு முறை உட்கார்ந்துவிட்டது.
“இரும்பு பிடிச்ச கையும் சிரங்கு பிடிச்ச கையும்
சும்மா இருக்காதுங்க” என்றார்
ஆய்வக உதவியாளர் தவசியப்பன்,
மூடியை நான் மறுபடி தொட்டபோது.

தண்ணீர், குப்பனூரில்
கந்தாயியின் மக்காச்சோளக் காட்டுக் கிணற்றுடையது.
நாலு மணிக்கே சேர்வராயன் மலை நிழல்
இறங்கிவிடும் கிணறு.
ஐந்து லிட்டர் கேனை மடியில் வைத்துப் பேருந்தில் வந்தேன்.
“என்னம்மா, தேனா?” என்றார் நடத்துனர்.
“அட்ரசின்.”
“அட்ரஸ் கேக்கலம்மா. எங்க எறங்கற?”

கந்தாயி அன்றைக்குச் சொன்னது:
“களையெடுக்க ஆளு வந்தா
நான் ஏன் மருந்தடிக்கறேன்?
நானூறு கூலி, டீ, போண்டா. அப்பவும் வரமாட்டாங்க.
மருந்துன்னா ஒரு நாள் வேலை.
சோளம் தப்பிச்சுக்கும், மத்ததெல்லாம் கருகிடும்.
ஆனா இந்தத் தண்ணிய ஊத்துனா
கத்திரி நாத்து நரம்போரம் வெளுக்குது.
எது களை, எது நாத்துன்னு
கெணத்துக்கு யாரு சொல்லிக் குடுக்கறது?”

இதை ஆய்வேட்டின் முன்னுரையில் எழுதினேன்.
நெறியாளர் சிவப்பு மையால் அடித்தார்.
ஓரத்தில்: ‘சான்று?’

கறுப்பை நீரில் கொட்டிக் குலுக்கினேன்.
நஞ்சின் வளையத்தில் தொற்றியிருந்த
ஒற்றைக் குளோரினை
இரும்பு பிடுங்கும், ஈர மண்ணில் களை பிடுங்குவதாய்.
பிடுங்கின கையோடு தானும் பழுப்பேறி
அடியில் படியும்.
பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக்
கண்ணாடிக்கு வெளியே காட்டினால்
இன்னும் கறுப்பாய் இருப்பவை ஓடி வந்து ஒட்டுகின்றன.
துருவானவை
கூப்பிட்டாலும் எழுவதில்லை.

மறுநாள் வரைபடத்தில்
ஓங்கி நின்ற முகடு காணோம்,
மார்கழிக் காலையில் ஏற்காடு காணாமல் போவதுபோல்.
பக்கத்தில் ஒரு சின்ன மேடு.
நேற்று இல்லாதது.
நோட்டில் எழுதினேன்:
4.2 நிமிடம். யார் நீ?

கந்தாயிக்கு முகடும் வேண்டாம் மேடும் வேண்டாம்.
“ஊத்திப் பாத்துருவம்.”
இரண்டு தட்டு கத்திரி விதை,
ஒரே வண்டி மண்.
ஒன்றுக்குக் கிணற்று நீர்,
மற்றதற்கு நான் கேனில் கொண்டுபோனது.

பன்னிரண்டாம் நாள் போன்.
“கத்திரி பரவால்ல கண்ணு. பச்சையாத்தான் நிக்குது.
ஆனா உன் தண்ணி ஊத்துன தட்டுல
களை மொளச்சிருச்சு.”
புகார் சொல்கிற குரல்.
நான் நடைவழியில் ஓடிப்போய்த்
தவசியப்பனிடம் கத்தினேன்:
“களை! களை வந்திருக்கு!”
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சிவந்த தண்டு, சதைப்பற்றான இலை.
சாரணத்தி.
யாரும் விதைக்காதது, யாரும் அழைக்காதது,
நஞ்சு இருந்தால் தலைகாட்டாதது.
நெறியாளர் கேட்ட சான்று
இரண்டு விரற்கடை உயரம் இருந்தது.

கந்தாயி குனிந்து
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில்
அதைப் பிடித்தாள். இழுக்கவில்லை.
“பாசிப்பருப்பு போட்டுக் கடஞ்சா நல்லாருக்கும்.
திங்கலாமா?”

வாய் வரைக்கும் வந்தது.
4.2 நிமிடத்தில் ஒரு சின்ன மேடு.
“இப்ப வேண்டாங்க” என்றேன்.

“அப்ப நிக்கட்டும்” என்று
விரலை எடுத்துக்கொண்டு
களைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.